நீ விட்டுப்போன தொட்டியில் பாசி

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

நீ இருக்கும் இடத்தில் தண்ணீராவது தெளிவாக இருக்கட்டும். இங்கே ரொம்ப நாள் அப்படி இல்லை.

நீ போன கொஞ்ச நாளிலேயே உன் மீன் தொட்டி பச்சையாகிவிட்டது. லேசான பச்சை இல்லை, கொத்தமல்லிச் சட்னியைக் கரைத்து ஊற்றின பச்சை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் மீன் தெரியவில்லை. எப்போதாவது ஒரு சிவப்பு வால் கண்ணாடி ஓரமாக வந்து போகும். சரி, ஒன்றாவது உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமாடா?

மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு நைனாவின் மல்லாட்டை மண்டிக்கே, அதே வேர்க்கடலை வியாபாரத்துக்கே, நீ திரும்பி வந்தபோது, பெட்டி படுக்கையோடு இந்தத் தொட்டியையும் வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். கடைத்தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆற்று மணலைக் கழுவிப் பரப்பினாய், செடி நட்டாய், மீன் விட்டாய். "இதுக்கு தெனம் இன்னாடா பண்ணணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேணாம்க்கா, அது பாட்டுக்கு இருக்கும்" என்றாய். அது பாட்டுக்கு இருக்குமா? நீ என்னென்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காமாலை வந்து படுத்த பிறகாவது?

அம்மா இல்லாத வீடு. நீயும் போனதும் நைனா தனியாகிவிட்டார். நான் தினமும் என் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறேன். வந்ததும் முதல் வேலை தொட்டிதான். தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்தேன். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நாள் பளிச்சென்று இருந்தது. பிறகு முன்னைவிட மோசம். உன் செடிகளின் இலை மேலெல்லாம் பச்சை முடி முளைத்து, சிக்குப் பிடித்த தலை மாதிரி ஆகிவிட்டது. பிய்த்து எடுத்தால் இலையும் சேர்ந்து வந்தது.

என் வீட்டுக்காரர், உன் மாமா, சும்மா இருப்பாரா? "படிகாரம் போடு, தெளிஞ்சிடும்" என்றார். போட்டேன். தண்ணீர் தெளிந்தது என்னவோ உண்மைதான். மறுநாள் காலையில் தெளிந்த தண்ணீரில் மூன்று மீன் மல்லாந்து மிதந்தது. தோட்டத்து வாழையடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மீனுக்காகத்தான் அழுதேனா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே பச்சை திரும்பி வந்தது.

"ஏரில கொண்டு போய் வுட்டுட்டு வா சரோஜா. எதுக்கு இந்தத் தொல்லை?" என்றார் உன் மாமா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நைனாவிடம் கேட்டேன். "அது இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். நீ போன பிறகு அவர் பேசுவதே அந்த அளவுக்குத்தான். உன் பேரை அதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் தரையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் முழுவதும் தொட்டி மேல்தான் விழுகிறது. வெயில் பட்ட பக்கத்துக் கண்ணாடியில் பாசி தடிப்பாக, எதிர்ப்பக்கம் மெலிசாக. நீ அதை வைத்திருந்தது அங்கே இல்லையே. கூடத்து நடுச்சுவர் ஓரமாக, வெயில் படாத இடத்தில் அல்லவா இருந்தது? உன்னைக் கிடத்த இடம் வேண்டும் என்று அன்றைக்கு ஆண்கள் நாலு பேர் சேர்ந்து அதை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை. யாருக்குத் தோன்றும்?

பழைய இடத்திலேயே வைக்கலாம் என்று நைனாவிடம் சொன்னேன். "வேணாம்" என்றார். "ஏன் நைனா?" எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அந்த இடத்தைத் தாண்டும்போது அவர் சுற்றிக்கொண்டுதான் போகிறார் என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பழைய போர்வை ஒன்றை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன். ராஜகிரிக் கோட்டைமலைப் பாறை அடிக்கிற சூட்டில் ஜன்னலையும் மூடிவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்து பார், தெரியும்.

வெயிலை மறைத்தும் பாதிதான் குறைந்தது. தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம். மணலில் பழுப்பாக ஒரு சேறு. கிளறினால் நாற்றம். இது எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். நீ இருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாய். அதுதான் எரிச்சல்.

போன மாதம் ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரமே வந்துவிட்டேன். நைனா மண்டிக்குப் போகாமல் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய துண்டு மல்லாட்டைப் புண்ணாக்கு. அதை விரலால் நுணுக்கி நுணுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "பசிக்குமேன்னு…"

"நான்தான் தெனம் போடறேனே!"

"நான் கிட்ட வந்தாலே எல்லாம் மேல வருதுங்க சரோஜா. வாயத் தொறந்துக்கினு நிக்கிதுங்க. எப்டி சும்மா போறது?"

காலையில் ஒரு தடவை, மண்டிக்குப் போகும்போது ஒரு தடவை, சாப்பிட வரும்போது, தூங்கப் போகும்போது என்று கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இத்தனை மாதமும்! வயலுக்கு உரமாகப் போடுகிற புண்ணாக்கு. பாசிக்கு மட்டும் கசக்குமா? நான் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் புண்ணானதெல்லாம் கண்முன்னால் வந்தது. வாய் அடங்கவில்லை.

"பாசிக்கு எரு போட்டு வளக்கிறதே நீதான்! அவன் வச்சிட்டுப் போன மீனையும் சாவடிச்சிடாத நைனா!"

அவர் கையில் மீதி இருந்த புண்ணாக்கை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் தொட்டி பக்கமே வரவில்லை. சாப்பாட்டையும் மண்டிக்கே கொடுத்தனுப்பச் சொன்னார். பாதி அப்படியே திரும்பி வரும். இங்கே தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் இறைத்து, கொஞ்சம் ஊற்றி, அடியில் இருந்த சேற்றை எடுத்தேன். மீன் எல்லாம் தெரிந்தது. இதற்காகத்தான் இத்தனை பாடு பட்டேன். ஆனால் அதைப் பார்க்க ஆள் இல்லை. தண்ணீர் தெளிந்தால் நைனா இல்லை, நைனா இருந்தால் தண்ணீர் இல்லை. இது என்னடா நியாயம்?

பாசி ஏறின செடிகளில் பாதி அழுகிப் போயிருந்தது. புதுசு வேண்டும். பனமலை ஏரியில் கொடிகொடியாகக் கிடக்கும் என்று கேள்விப்பட்டு, மண்டிக்கே போய் நைனா முன்னால் நின்றேன். "ஏரில எறங்க எனக்கு பயமா இருக்குது. நீ வா" என்றேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நான் காட்டியதை எல்லாம் வேண்டாம் என்றார். "அதுல ஏற்கெனவே பாசி கீது பாரு. இளசா பாத்து எடு." நன்றாக நிறைய எடுத்தார். "பயிர் அடர்த்தியா இருந்தா களைக்கு எடம் ஏது? நெருக்கமா நடு" என்றார். பிறகு கைநிறையச் செடியோடு நின்ற இடத்திலேயே நின்றார். "ஏழுமல இருந்தா நடு ஏரிக்கே போயிருப்பான்" என்றார்.

ஏழுமல என்றார், தம்பி. கேட்டதா உனக்கு?

வீட்டுக்கு வந்ததும் அவரே உன் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். முக்கால் தண்ணீரை இறைத்துவிட்டு, இரண்டு பேரும் தொட்டியைத் தூக்கி நடுச்சுவர் ஓரமாக, உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்தார்கள். நைனா அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக நட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது, கை முழுக்க மணல். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

இப்போது காலையில் ஒரு சிட்டிகை தீனி, அவர் கையால். அவ்வளவுதான் என்று பேச்சு. பக்கத்தில் நான் நிற்பேன். ஆனாலும் மணலில் சில நாள் புண்ணாக்குத் துணுக்கு கிடக்கிறது. கேட்டால், "எறும்பு கொண்டாந்து போட்டிருக்கும்" என்கிறார். எறும்பாம்!

பாசி போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். வாரா வாரம் கண்ணாடியில் வரத்தான் செய்கிறது. நான் உள்பக்கம் தேய்ப்பேன், நைனா வெளிப்பக்கம் நின்று விரலை வைத்து, "தோ, இங்க வுட்டுட்ட பாரு" என்பார். கை வலிக்கிறது. உன் மேல் கோபம் தீரவில்லை. உடனே தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் இந்தத் தொட்டியை ஏரியில் கவிழ்க்க மாட்டேன். நைனா அதன் முன்னால் வந்து நிற்கும் காலம் வரைக்கும், அவருக்கு மீன் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் துடைத்து வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மேல் கோபம் ஆறாத,
உன்னைப் பெறாமல் வளர்த்த அக்கா
சரோஜா
செஞ்சி