கேக்காம அழிச்ச தழும்பு

நஃபீசா, சும்மா கத்தாத, இதோட வெச்சிருக்கற போட்டோவுல இருக்கறது நான்தான். அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டு வலி தேவலையா?

இங்க ஷார்ஜாவுல எங்க ஸ்டுடியோவுக்கு போட்டோவ தானே திருத்தற ஏஐ வந்திருக்கு. மொதலாளி என் மூஞ்சியிலதான் டெஸ்ட் பண்ணாரு. நீ கரண்டி விட்டெறிஞ்ச தழும்ப அழுக்குன்னு நெனச்சித் தொடச்சிடுச்சி. உன் மானத்தக் காப்பாத்திடுச்சி, போ!

முப்பது வருசமா போட்டோவுல ஒரு மச்சத்த அழிக்கறதுன்னாலும் "எடுக்கட்டுங்களா"ன்னு கேட்டுத்தான் எடுத்தேன். அது யாரையும் கேக்கல. இப்போ எனக்கு லைட்டு புடிக்கற வேலை மட்டுந்தான். கவலப்படாத.

திண்டிவனத்துலேர்ந்து யாராச்சும் வந்தா கொறிக்க வறுத்த மல்லாட்டை குடுத்தனுப்பு. உன் போட்டோ ஒண்ணும் வை. செல்லுல அழகு பண்ணாத. அந்த எத்துப்பல்லு அப்படியே இருக்கணும். இத்தப் படிச்சதும் லெட்டர கீழ போட்டுட்டு எழுந்து போயிடுவ, தெரியும். நில்லு புள்ள, நான் இன்னும் முடிக்கல