கூட்டுக்கு ஒரு டையோடு

ஜனவரி 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். அங்கே நீங்களும் நம் பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இது படம் வரைந்து காட்ட வேண்டிய விஷயம். படத்தைத் தபாலில் அனுப்புவதானால் கூடவே நாலு வரி எழுதுவதுதான் மரியாதை.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. உங்கள் மருமகள் சொல்லியிருப்பாள். பழைய புரொஜெக்டர்களை வாங்கிப் பிரித்து, உள்ளே இருக்கும் லேசர் டையோடுகளை எடுத்து, நானே விளக்குகள் செய்கிறேன். டையோடு என்பது மிளகு அளவுதான். ஆனால் எரிகிறபோது அதற்கு வருகிற சூடு இருக்கிறதே, காய்ச்சல்காரக் குழந்தை மாதிரி. நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம் அல்லவா, அப்படிச் சுற்றிலும் உலோகம் இருந்து சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். கூடு இல்லாமல் ஒன்றை எரியவிட்டேன். கண்ணெதிரே செத்துப்போனது.

அலுமினியத்தில் ஒரே ஒரு கூடு கடைந்து தரச் சொல்லி இங்கே இரண்டு கடைகளில் கேட்டேன். "நூறுக்குக் குறைஞ்சு செய்யறதில்ல சார்" என்றார்கள். பிறகுதான், கல்யாண மண்டபத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும்போது மைக் கம்பியின் மரையைத் திருகிப் பார்த்து முகம் சுளித்த ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். லேத்துப் பட்டறை வைத்திருக்கும் சம்பந்தி கிடைத்தும் நான் கடை கடையாக அலைவானேன்?

இலவசமாக வேண்டாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஓசி வாங்கினான் என்ற பேச்சு எனக்கு ஆகாது. இத்துடன் சிவப்புக் கோடு போடும் லேசர் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் துளையிடும் யந்திரத்தில் மாட்டினால், துளை விழப்போகும் இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். கூட்டுக்கு ஒரு டையோடு. சம்மதமா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

ஜனவரி 29

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ரசீதுதான் எழுதுவேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதீர்கள்.

கூடு செய்துவிட்டேன். சூடு போக வரிவரியாகத் தகடு விட்டிருக்கிறேன். லென்ஸ் உட்காரும் மரையைப் பாருங்கள். லென்ஸ் தன் பாரத்துக்கு இறங்காது, விரல் பட்டால் போதும், நகரும். இதைவிட நன்றாக ஒருத்தன் செய்தால் லேத்தை அவனிடமே கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து கொள்கிறேன்.

சிவப்புக் கோடு போடும் லேசரை மாட்டினோம். பட்டறையே திரண்டு வந்துவிட்டது. ஒவ்வொருத்தனும் கையை நீட்டி உள்ளங்கையில் கோடு விழுகிறதா என்று பார்க்கிறான். சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரம்மா, "ஒரு கோட்டுக்கா இந்த ஆட்டம்? நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படிச் சிரிக்கலையே" என்றாள். "அப்ப இவ்வளவு நேரா இருக்கும்னு தெரியாதே" என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை.

ஒன்று முடித்தபிறகும் கை ஓயவில்லை. அதனால் இரண்டு கூடு அனுப்புகிறேன். இப்போது நீங்கள்தான் பாக்கி.

இப்படிக்கு,
சம்பந்தி

ஏப்ரல் 18

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கூட்டில் நீல டையோடை உட்காரவைத்து ஒரு மாலை முழுக்க எரியவிட்டேன். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எதிர்ச்சுவரில் விழுந்த புள்ளி கடைசிவரை அசையவில்லை. (பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்ணின் அப்பாவுக்குக் கண் போனால் அவளுக்கு எவ்வளவு அவமானம் என்று உங்கள் மருமகள் போனில் அரை மணி நேரம் விளக்கினாள்.)

சந்தோஷத்தில் சும்மா இருக்க முடியவில்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கே படம் போட்டேன். ராத்திரி முழுக்க எங்கெங்கிருந்தோ கேள்வி. யார் கடைந்தது? எந்த யந்திரம்? உள்மரையை எப்படி இவ்வளவு வழவழப்பாக்கினார்? "என் சம்பந்தி" என்று எழுதினேன். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த உறவுக்குச் சொல்லே கிடையாதாம். "என் மகளுடைய கணவரின் தகப்பனார்" என்று நீட்டிச் சொன்னேன். ஒருவர், "அவ்வளவு தூரத்து உறவா உங்களுக்கு இதைச் செய்து கொடுத்தது?" என்று ஆச்சரியப்பட்டார். தூரமா! எனக்குக் கோபமே வந்துவிட்டது.

முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் மாணவன் பரிசு வாங்கும்போது மேடைக்குக் கீழே நின்று கை தட்டுவேன். அதே பெருமைதான். ஆனால் இதில் ஒரு சௌகரியம், இங்கே நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறும் சொந்தக்காரன் என்கிற தகுதியிலேயே நெஞ்சு நிமிர்த்தலாம்.

அந்தக் குழுவில் ஒருவர், கூடு ஒன்று கிடைத்தால் அருமையான கண்ணாடி லென்ஸ் தருவதாகச் சொல்கிறார். உங்களுக்கு விருப்பமானால் செய்யுங்கள். என் பாக்கிக்குப் பச்சை டையோடு ஒன்று இத்துடன் வருகிறது. பச்சை சுலபத்தில் கிடைக்காது. இரண்டு புரொஜெக்டர் பிரித்து எடுத்தேன்.

மாப்பிள்ளை போனில் ரொம்பக் குறைவாகப் பேசுகிறார். வேலை அதிகமோ?

அன்புடன்,
பெருமை தாங்காத சம்பந்தி

ஜூன் 7

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

லென்ஸ்காரருக்குக் கூடு போய்ச் சேர்ந்தது. லென்ஸ் வந்துவிட்டது. அவர் எழுதிய பாராட்டை நீங்கள் தமிழில் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதி லேத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வருகிற வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

பச்சை பற்றி என்ன சொல்வது. பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு எரியவிட்டோம். தூசியில் அந்தக் கதிர் பிடித்துத் தொங்கலாம் போல நின்றது. ஷட்டரை மறுபடி ஏற்ற ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை.

போன வாரம் உங்கள் பெண் பட்டறைக்கு வந்தாள். தனியாக வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து வேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, இந்த நேரத்துல?" என்றேன். "சும்மாதான் மாமா. இங்க சத்தமா இருக்கு, நல்லாருக்கு" என்றாள். அவர்கள் இருவரும் இருக்கும் வீட்டில் சத்தமே இல்லை போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஆகஸ்ட் 22

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பெண் இங்கே வந்து பத்து நாள் ஆகிறது. பெரிய பெட்டியோடு வந்திருக்கிறாள். இங்கேயே வேறு ஆஸ்பத்திரியில் வேலையும் தேடிக்கொண்டுவிட்டாள். ஒருவருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்ற அவளுடைய ரோஷம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தவிர இதில் எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

"அவர் நல்லவர்ப்பா. நானும் நல்லவதான். சேர்ந்து இருந்தா ரெண்டு பேரும் நல்லவங்களா இல்ல" என்றாள். எதற்கெடுத்தாலும் உதாரணம் சொல்கிற வியாதி எனக்கு உண்டு. இதற்கு ஒன்றும் தேடவில்லை.

இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசவேண்டியதைப் பேசட்டும். நாம் இருவரும் கடிதத்தில் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். எழுதினால் அவரவர் பிள்ளைக்காக வாதாட ஆரம்பித்துவிடுவோம்.

ஜூனில் நீங்கள் எழுதிய அந்த நாலு வரிக்கு நன்றி.

அன்புடன்,

நவம்பர் 16

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது. பிரிவுப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவரவர் வீட்டுப் பொருள் அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பெரியவர்கள் பேசியபடி, உங்கள் பெண்ணின் சாமான்கள் வேனில் வந்து சேர்ந்திருக்கும். சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி என் வீட்டில் யாரும் தவறாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச விடவும் மாட்டேன்.

நேற்று வீட்டில், "அவங்க கொடுத்தது இன்னும் ஏதாவது நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சிவப்புக் கோடு, பச்சை டையோடு, லென்ஸ். மூன்றும் உங்கள் மூலமாக வந்தவை. நியாயம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். திருப்பி அனுப்புகிறேன்.

துளையிடும் யந்திரத்திலிருந்து சிவப்பைக் கழற்றும்போது பட்டறைப் பையன்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சார், யந்திரத்துக்குக் கண் போச்சு" என்றான் ஒருத்தன். வேலையைப் பாருடா என்றேன்.

டையோடை வெறுமனே பொட்டலத்தில் போட்டால் வழியிலேயே செத்துவிடும். லென்ஸ் கீறிப்போகும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடு செய்து உள்ளே வைத்திருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் கொடுத்த மரியாதையை மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
லேத்துப் பட்டறை

நவம்பர் 25

அன்புள்ள உங்களுக்கு,

எப்படி அழைப்பது என்று யோசித்து இரண்டு தாள்களைக் கிழித்தேன். 'ஐயா' என்று நீங்கள் எழுதியது எனக்கு ஆகவில்லை. அதையே நானும் திருப்பி எழுத மாட்டேன்.

பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தோம். என் மனைவி, "திருப்பி அனுப்பறதுல என்ன இருக்கப்போகுது, அப்படியே பரணில் போடுங்க" என்றாள். நான் சிவப்பின் கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வழியில் உடையாமல் இருக்கத்தானே கூடு? ஒரு பஞ்சுப் பொட்டலம் போதாதா? ஒரு சின்னத் தகர டப்பா? நீங்கள் தகடுகளின் ஓரத்தைக்கூட மழுக்கி, கையில் குத்தாமல் இழைத்திருக்கிறீர்கள். லென்ஸ் கூட்டின் உள்மரையை மெருகேற்றியிருக்கிறீர்கள். கழற்றிப் பார்த்தாலொழிய அது யார் கண்ணிலும் படாது. பள்ளியில் நான் ஒன்று கவனித்திருக்கிறேன். வேண்டாவெறுப்பாகச் செய்கிற பையன் நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் அழகாக எழுதுவான். நடுப்பக்கத்தைப் பார்த்தால் அவன் மனது தெரிந்துவிடும். நான் உங்கள் நடுப்பக்கத்தைப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் செய்ததிலேயே இந்த மூன்றும்தான் சிறந்தவை. இதைச் சொந்தக்காரனாகச் சொல்லவில்லை. அந்தத் தகுதிதான் போய்விட்டதே. பார்க்கத் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். கூட்டுக்கு ஒரு டையோடு என்பது ஜனவரியில் நாம் பேசியது. அதை எந்தப் பெரியவரும் உட்கார்ந்து முறிக்கவில்லை. கணக்கை முடிப்பதாக நினைத்து மூன்று கூடுகளை அனுப்பி, என்னை மூன்றுக்குப் பாக்கிக்காரனாக்கியிருக்கிறீர்கள். தெரிந்தே செய்தீர்களா, கை தன் பழக்கத்தில் செய்துவிட்டதா என்று நான் கேட்கப்போவதில்லை.

பெண்ணிடம்தான் முதலில் கேட்டேன். அவளுக்கு வலிக்கும் என்றால் இதோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னேன். கூட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "நாங்க பிரிஞ்சது எங்க விஷயம்ப்பா. அதுக்காக மாமா கை செஞ்சதை நீங்க பரணில் போடுவீங்களா?" என்றாள். 'மாமா' என்றுதான் சொன்னாள். வாய் தவறியும் சொல்லவில்லை, அழுத்தியும் சொல்லவில்லை.

ஆகவே சிவப்பும் பச்சையும் லென்ஸும் மறுபடி உங்களுடையவை. இந்த முறை தபாலை நம்பவில்லை, நானே கொண்டுவருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில். என் மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: "வீட்டுப் பக்கம் போய் நிக்காதீங்க. அந்தம்மாவுக்கும் மனசு கஷ்டமா இருக்கும். பட்டறைக்குப் போங்க." அது சரி என்றே எனக்கும் படுகிறது.

இதில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் ஒரு வரி போடுங்கள், வரமாட்டேன். அப்படியே இருந்தாலும், இந்த மூன்று கூடுகளும் என் அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற தட்டில்தான் இருக்கும். யார் செய்தது என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

அன்புடன்,
லேசர் பைத்தியம்

நவம்பர் 30

வணக்கம்.

ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. திறந்து வைக்கிறேன். பையன்களும் வருகிறோம் என்கிறார்கள், சம்பளம் கேட்காமல். யந்திரத்துக்குக் கண் வருவதைப் பார்க்க வேண்டுமாம்.

வீட்டில் சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்திரம் மட்டும் சத்தம் போட்டது. பிறகு, "அவ்வளவு தூரம் பஸ்ல வர்றவரை வெறும் வயித்தோடவா அனுப்புவீங்க? பட்டறைக்கே சாப்பாடு கொடுத்தனுப்பறேன். நான் வரமாட்டேன்" என்றாள். அவளால் இப்போதைக்கு முடிந்தது அது. பெரிதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

கை பழக்கமா, தெரிந்தா என்று கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் விட்டதற்கு நன்றி. ராத்திரி அந்த உள்மரைக்கு மெருகு போடும்போது நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டறைப் பையன்களில் மூத்தவன் ஒருத்தன் இருக்கிறான், எல்லாவற்றையும் கேட்பான். "வர்றவரு நமக்கு என்ன முறை சார்?" என்றான். முன்னால் என்றால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். லேத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். பிறகு சொன்னேன்: "நம்ம வேலையைப் பார்க்கத் தெரிஞ்சவருடா. தரையை நல்லாக் கூட்டி வை."

பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
கூடு கடைகிறவன்