பதினோராவது வரி

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு அசிங்கமாக இருந்தாலும் சரி, அடுத்தவருக்கு வலித்தாலும் சரி, ஒரு வரியைக்கூட விழுங்கமாட்டேன்.

முதல் உண்மை: என் அம்மா ஒரு பொய்க்காரி.

பள்ளி இதழில் என் கட்டுரை வந்திருக்கிறது. முழுதாக இரண்டு பக்கம். மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவிடம் நீட்டினேன். "கண்ணாடிய ஆஸ்பத்திரிலயே வெச்சுட்டேன் கண்ணு. அப்புறம் படிக்கிறேன்" என்றாள். கண்ணாடிக்கூடு மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எடுத்து மாட்டிப் பார்த்தேன். பவரே இல்லை. ஜன்னல் கண்ணாடி மாதிரி வெறும் கண்ணாடி.

படிக்க மனசில்லை என்றால் நேராகச் சொல்லலாமே. இதற்கு ஒரு வேஷமா?

ஜூன் 5, புதன்

ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகள் வகைவகையாக அடுக்கியிருக்கும். கட்டில் வரிசைப்படி அவற்றை வண்டியில் ஏற்றிப்போய் வார்டில் கொடுப்பது அம்மாவின் வேலை. எந்தக் கட்டிலுக்கு என்ன என்று நர்ஸ் வாயால் சொல்வார். அம்மா உடனே கட்டில் கம்பியில் துணிக் கிளிப் மாட்டிவிடுவாள். சிவப்பு, உப்பில்லாதது. மஞ்சள், சர்க்கரை இல்லாதது. பதினோரு வருஷத்தில் ஒரு தட்டு மாறியதில்லை.

புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளருக்கு (அம்மா வைத்த பெயர் இஸ்திரி, சட்டையில் மடிப்பு கலையவே கலையாதாம்) கிளிப்புகள் பிடிக்கவில்லை. "இது ஆஸ்பத்திரியா, துணி காயப்போடுற கொடியா?" என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். இனி அச்சடித்த பட்டியல்தான்.

அம்மா நாளைக்கான பட்டியலை நான்காக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் படித்துக்கொண்டிருந்த கதையின் முக்கியமான இடத்தில் இருந்தேன்.

"கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு கண்ணு. கண்ணு எரியுது."

"கண்ணாடி போட்டுக்கோயேன்" என்றேன், வேண்டுமென்றே.

"கட்டில் நம்பர் வேணாம். சாப்பாட்ட மட்டும் வரிசையா சொல்லு, போதும். பாட்டு மாதிரி நின்னுடும்."

கடகடவென்று ஒப்பித்துவிட்டுக் கதைக்குத் திரும்பினேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

ஜூன் 6, வியாழன்

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள்.

பதினோராவது கட்டிலிலிருந்து பாதி வார்டுக்குத் தட்டு ஒவ்வொன்றாகத் தள்ளி மாறிப்போயிருக்கிறது. சர்க்கரைக்காரர் ஒருவர் இனிப்பைச் சாப்பிட்டு மயங்கிவிட்டார். இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். கடைசிக் கட்டிலுக்குத் தட்டே இல்லை. எல்லார் முன்னாலும் இஸ்திரி, "படிக்கத் தெரியாத ஜென்மத்தையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சது?" என்று கேட்டிருக்கிறார். அவர் சட்டைமேல் ஒரு அண்டா சூப்பைக் கவிழ்க்கவேண்டும்.

"மொத்தம் இருபத்துநாலு. எனக்கு இருபத்துமூணுதான் ஞாபகத்துல நிக்குது. மண்ட மரத்துப்போச்சு போல" என்றாள் அம்மா.

அவள் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினோராவது வரி சரியாக மடிப்புக்குள் இருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

நான் அதை வாசிக்கவில்லை.

ஜூன் 8, சனி

வெளியூர் வேலையில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்து, கண்ணாடி விஷயத்தைக் கேட்டேன்.

"எழுத்தப் பாத்தா அவளுக்கு ஆடுதும்மா, படிக்க வராது. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டா. உங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டா."

ஏன்? நான் என்ன அந்நியமா? என் மதிப்பெண் அட்டை, பரிசுச் சான்றிதழ், பிறந்தநாளுக்கு நான் எழுதிக்கொடுத்த நான்கு பக்கக் கடிதம் - எதையுமே படிக்காமல் "ரொம்ப நல்லாருக்கு கண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாமேலா, என்மேலா? தெரியவில்லை. ரெண்டு பேர்மேலும்தான்.

ஜூன் 10, திங்கள்

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில், படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். நடந்ததைக் கேள்விப்பட்டு அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். சுவரெல்லாம் யானைப் படம். குட்டி நாற்காலியில் அம்மா முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் சொற்களோடு மல்லுக்கட்டினாள். வியர்த்துக் கொட்டியது.

"இது டிஸ்லெக்சியாம்மா. பிறவியிலேயே வர்ற வாசிப்புச் சிக்கல். கண்ணுல கோளாறு இல்ல, புத்தியிலயும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல" என்றார் டாக்டர்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"ஒம்பதாவதுல பெஞ்சு மேல ஏத்தி, கழுத்துல 'மக்கு'ன்னு அட்டை மாட்டினாங்களே டாக்டர், அன்னிக்கு எங்க போயிருந்துச்சு இந்தப் பேரு? நாப்பத்திரெண்டு வயசுல கொடுக்குறீங்க. இத வெச்சு நான் என்ன பண்ண?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கண்ணாடியைக் குப்பைக்கூடையில் வீசினாள்.

ஜூன் 11, செவ்வாய்

வியாழக்கிழமை விசாரணை. எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள்!

நான் எழுதித் தருகிறேன், மடிப்பு விஷயத்தையும் எழுதுகிறேன் என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். "தெரியும்டீ. அன்னிக்கே எண்ணிப் பார்த்தேன். உன் பேரு இதுல வரக்கூடாது."

"அப்போ வேலை?"

"போனாப் போகுது."

மறுபடியும் எனக்காக ஒரு பொய்! கதவை அறைந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. சொல்லாமல் அம்மாவின் பின்னாலேயே போய், விசாரணை அறைக்குள் நுழைந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் இஸ்திரி. டாக்டரம்மாவும் வந்திருந்தார்.

"அம்மா, அன்னிக்கு நான் வாசிச்ச வரிசையை இப்ப சொல்லு" என்றேன்.

அம்மா முறைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். எட்டு நாள் கழித்து, தட்டாமல், திக்காமல், இருபத்துமூன்று. நான் பட்டியலை விரித்து மேசைமேல் வைத்தேன்.

"விட்டுப்போனது இந்த ஒரு வரிதான். அதை விட்டது அவங்க இல்ல. வாசிச்சுக் காட்டின நான். கோபத்துல, அவசரத்துல. எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும்."

இஸ்திரி, "சின்னப் பொண்ணு, அம்மாவக் காப்பாத்த ஏதாவது சொல்லும்" என்றார். நடுவில் இருந்தவர் விரலை வைத்து வரிவரியாகச் சரிபார்த்தார். பதினொன்றில் விரல் நின்றது.

"கிளிப்பக் கழட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார். இஸ்திரி தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 14, வெள்ளி

அம்மா வேலைக்குப் போய்விட்டு வந்தாள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன், ஒவ்வொரு வரியாக. கிளிப்புகள் மறுபடி கட்டில்களில் தொங்குகின்றன. இஸ்திரி மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மறக்கப்போவதும் இல்லை.

சாப்பிட்டபின் அம்மா என் பக்கத்தில் வந்து படுத்தாள். "தினமும் இந்த நோட்டுல என்னத்தடீ கிறுக்குற? வாசி, கேப்போம்."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். "ஒரு வரியைக்கூட விழுங்கமாட்டேன்" வரை வாசித்தேன். அடுத்ததைத் தாண்டி, பள்ளி இதழுக்குப் போனேன்.

"இரு. அங்க ஒண்ணு விட்டுட்ட."

"எப்படித் தெரியும்?"

"உன் மூச்சு மடங்குச்சு."

வாசித்தேன். 'பொய்க்காரி' என்ற சொல்லையும்தான்.

"கோவமா வருதுடீ" என்றாள் அம்மா. "ஆனா அந்த வரிய அடிச்சுடாத. இருக்கட்டும். மிச்சத்த நாளைக்கு வாசி." எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரிகளை இருட்டில் தடவித் தடவி எழுதுகிறேன். எழுத்துகள் எங்கே போகின்றன என்று எனக்கே தெரியவில்லை.