அப்பா ரிசீவரை எடுக்கும்போதெல்லாம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் கிளை அலுவலகத்தை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் எங்களுக்கு இரண்டே வழி: தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து என்றால் இன்டர்நெட் அறுந்துபோகாமல் நிற்கிறதா என்று மாதம் முழுக்கச் சோதிப்பார்களாம். சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் போனிலேயே முடிவு பண்ணிவிட்டான். "அப்புறமென்ன, வீட்டுல இருந்தே பாரு. அப்பாவுக்கும் துணையாச்சு." நானும் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஆட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

அண்ணன் ரவுட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறான். நாலு கொம்போடு அமர்க்களமாக இருக்கிறது. டெலிபோன் ஒயரைச் செருகினால் ஓட்டை பெரிது, முனை சிறிது, லொடலொடவென்று ஆடுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"உங்க வீட்டுக்கு நெட்டு போன் லைன்லயா வருது?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். "அப்போ இது மட்டும் போதாதும்மா. போன் லைன்ல வர்றத நெட்டா மாத்தித் தர டிஎஸ்எல் மோடம் வேணும். அத வீடு பூரா பரப்பறதுதான் இவரு வேலை."

ரெண்டும் சேர்ந்த ஒரே பெட்டியும் இருக்கிறதாம். இதை வாங்கியாயிற்றே, மோடம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்வான், பேர் மட்டும் முழுசாக வாங்குவான்.

மார்ச் 6, வெள்ளி

மாட்டிவிட்டேன். சுவரிலிருந்து மோடம், மோடத்திலிருந்து ரவுட்டர், அதிலிருந்து கம்ப்யூட்டர். டிஎஸ்எல் விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டுப் பச்சையாக நின்றது. மோடம் வந்த பெட்டியில் தீப்பெட்டி அளவில் இன்னொரு சமாச்சாரம் கிடந்தது. எதற்கென்று புரியவில்லை, மேசை டிராயரில் போட்டேன்.

மார்ச் 11, புதன்

இன்றும் நெட் அறுந்தது. வாடிக்கையாளர் ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், பாதித் திட்டில் காணாமல் போனார்.

லைன்மேன் வந்தார். "லைன் சுத்தமா இருக்கும்மா. வீட்டுக்குள்ள வேற போன் இருக்கா?" அப்பா அறையில் இருக்கிறது என்றேன். "அதுல ஃபில்டர் போட்டீங்களா?" அந்தத் தீப்பெட்டி சமாச்சாரம்தான். சுவருக்கும் போனுக்கும் நடுவில் அதை மாட்டாவிட்டால், ரிசீவரை எடுத்தாலே நெட் போய்விடுமாம். தானே மாட்டித் தருகிறேன் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

அப்பாவுக்கு யாரும் போன் பண்ணுவதில்லை, அவரும் பண்ணுவதில்லை. பின்னே எதற்கு நாளெல்லாம் ரிசீவரை எடுக்கிறார்? கேட்டேன்.

"யாரும் கூப்பிடலன்னா லைன் செத்துப்போச்சோ என்னமோன்னு பாக்க வேணாமா? கொர்ருன்னு சத்தம் வந்தா சரின்னு வச்சிடுவேன்."

மார்ச் 13, வெள்ளி

ஃபில்டரை மாட்டவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஏன் மாட்டவில்லை? இங்கேயாவது உண்மையைச் சொல்லடி. லைன் அறுபடாம நின்னா நான் இந்த வீட்டிலேயே நின்னுடுவேன். எழுந்ததும் அப்பாவுக்கு ஊசி, அப்புறம் சமையல், அப்புறம் ஹெட்செட், மறுபடி சமையல், மறுபடி ஊசி. ஆபீஸுக்குப் போய்வந்த நேரம்தான் எனக்கு மூச்சு விட இருந்தது. லைன் நிக்கலன்னா — ஹெட் ஆபீஸ் ஊருக்குப் போய்த்தான் ஆகணும், என் தப்பு இல்ல. "எனக்குப் போகணும்"னு அண்ணன்கிட்ட வாயைத் திறந்து சொல்ல வக்கில்ல. மோடத்தை விட்டுச் சொல்ல வைக்கிறேன், அதுவும் அப்பா கையால. சீ.

மார்ச் 19, வியாழன்

அப்பாவே கேட்டார். "நான் போனை எடுத்தா உனக்கு அங்க கட் ஆகுதா?"

"ஆமாப்பா."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 24, செவ்வாய்

லைன் அசையாமல் நிற்கிறது. அப்பா போனைத் தொடுவதே இல்லை. கை அந்தப் பக்கம் போகிறது, பிறகு மடிக்கே திரும்பிவிடுகிறது. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை: "பாத்தியா, நான் வாங்கின ரவுட்டராச்சே."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல தங்கறதுக்கு இடம் குடுக்கறாங்களா?"

ஆபீஸ் விடுதி இருக்கிறது என்றேன். போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 31, செவ்வாய்

கடைசிச் சோதனை. மேலாளர் மேடம் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா நிக்குது. உங்களை வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்க லிஸ்ட்ல—" அதோடு முகம் உறைந்துபோனது. டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பித்திருந்தது.

அப்பா அறைக்கு ஓடினேன். கட்டில் ஓரத்தில் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் வைக்கவில்லை.

"அப்பா, சோதனை நடந்துட்டிருக்கு."

"தெரியும்" என்றார். நிதானமாக எண்களை அழுத்தினார். அண்ணன் எடுத்திருக்க வேண்டும்.

"நான்தான்டா. இங்க லைன் நிக்க மாட்டேங்குது. தங்கச்சி அந்த ஊருக்கே வேலைக்குப் போறா. நீ ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ… ஊசி போடறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லடா, கத்துக்க… அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? அதான் நான் சொல்றேன்ல."

அண்ணன் அந்தப் பக்கம் நிறையப் பேசினான். அப்பா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார், ரிசீவரை மட்டும் கீழே வைக்கவில்லை. பேசி முடிக்கட்டும் என்று நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.