படைத்த சட்டை

சாலவாக்கம்,
மாசி 10.

அன்புள்ள சுகுமாருக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, நோய் என்று சொல்லவும் எதுவும் இல்லை. நீ, பூஜா, இளமதி மூவரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் பேச ஆரம்பித்தால் நீ சரி நைனா, சரி நைனா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. ஒரு தரமாவது படிப்பாய்.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. இந்தத் தடவை மெஷின் வரத் தாமதம், பாதி நெல் சாய்ந்து போனது. ஏரியில் தண்ணீர் கிடக்கிறது. பேரன் அரவிந்தன் போய் வருஷம் திரும்பாததால் பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை, வாசலில் கோலமும் இல்லை. தெரு முழுக்க வண்ணமாக இருந்தது, நம் வூடு மட்டும் வெறும் சாணித் தரை. அம்மா அன்றைக்கு முழுவதும் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தாள். முழங்கால் வலி அவளுக்குக் குறையவில்லை. ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

வருஷப் படையலைப் பற்றி நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும் என்று உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் என்ன வயசு என்று கேட்டார். அம்மா வயசு சொல்லவில்லை. கையைத் தன் தோளுக்கு நேராக நீட்டி, இந்த ஒசரம் இருப்பான் என்றாள். அவர் அந்தக் கையைப் பார்த்து ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, இலை போட்டு, சட்டையைப் பிரித்துப் படத்துக்கு முன்னால் வைத்தபோதுதான் பார்த்தோம். படத்தில் பதினாறு வயசுப் பிள்ளை, மீசை அரும்பியிருக்கிறது. கீழே பன்னிரண்டு வயசுக்காரன் சட்டை. நீங்கள் கடைசியாக வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது அவனுக்கு அந்த வயசுதான். அதற்கப்புறம் அவன் வளர்ந்ததெல்லாம் போனுக்குள்ளே. அம்மாவின் கைக்கு அந்த உயரம்தான் தெரியும்.

படைத்த துணியை வீட்டில் ஒருவர் உடுத்தியாக வேண்டும், உனக்குத் தெரியும். அம்மா சொன்னாள், பொட்டில வச்சிப் பூட்டக்கூடாதுயா, பூட்டினா கொயந்த அங்க கட்டிக்கத் துணியில்லாம நிக்கும். நான் இதை நம்புகிறேனா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை தையல் கடை ஆல்பர்ட்டிடம் சட்டையைக் கொண்டுபோனேன். அவர் என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் பிரித்து வெள்ளைத் துணியில் பட்டை வைத்துத் தைத்தார். கை குட்டையாகத்தான் இருக்கும் பெரியவரே என்றார். போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். வேதாசலம், இன்னா வரதா, ஆறாங்கிளாஸ்ல சேந்துக்கினியா, பை எங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யார் சட்டை என்று சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. அதைவிடச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். அதே நாளில் நீயும் அங்கே படைத்தாய். போனில் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவனுடைய வாலிபால் டீம் கொடுத்த ஏழாம் நம்பர் பனியனை மடித்து இலைக்கு முன்னால் வைத்தாய். கற்பூரம் காட்டினாய். அப்புறம் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாய். இளமதி மேட்சுக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டதற்கு, அது அவனுடையது என்று சொன்னாயாம். குழந்தை போனில் தன் ஆயாவிடம், உன் அம்மாவிடம், சொல்லி அழுதது. நீ செய்த தப்பு இது ஒன்றுதான், சுகுமார். படைத்ததைப் பூட்டிவிட்டாய். அந்த ஊர்க் குளிரில்.

பூஜா அனுப்பிய வீடியோவை அம்மா திரும்பத் திரும்பப் போடுகிறாள். எனக்கு வாலிபால் கொஞ்சம் தெரியும். இளமதி எம்பி அடிக்கிற ஆள் இல்லை, அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறாள். அண்ணன் நின்ற இடம். இரண்டு பந்தைத் தவறவிட்டாள், மூன்றாவதை விழுந்து எடுத்தாள். ஆனால் அம்மா பார்ப்பது பந்தை இல்லை. கூட்டம் அவர்கள் பாஷையில் கத்துகிறது, நடுவில் ஒரு குரல், வுடாத இளா, வுடாத, எடு. அது பூஜா. ஒரு வருஷமாக உம் என்பதைத் தவிர எங்களிடம் வேறு பேசாத மருமகள். அம்மா அந்த இடம் வந்ததும் போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள். மேட்ச் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் பூஜாவை நடுவில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறார்களாம். அவர்கள் எதுவும் கேட்பதில்லையாம். கேட்காமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்கள்.

நீ எங்கே என்று இளமதியிடம் கேட்டேன். அப்பா கார்லயே உக்காந்துக்கினு கீறாரு தாத்தா, எப்பவும் உள்ள வரமாட்டாரு என்றாள். அவளைக் கொண்டுபோய் விடுகிறாய். ஆட்டம் முடிகிறவரை வெளியே வண்டியில் இருக்கிறாய். அரவிந்தனைப் பிராக்டிஸுக்கு அழைத்துப்போன அன்றும் நீதான் ஓட்டினாய். எதிரில் வந்த லாரி பனியில் சறுக்கியது. உன் மேல் தப்பில்லை என்று நான் எழுதப் போவதில்லை. எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், உனக்கு அது ஏறவில்லை. நான் கேட்பது வேறு. நீ வெளியே உட்கார்ந்திருப்பது அரவிந்தனுக்காக என்று நீ நினைக்கிறாய். உள்ளே ஆடுகிறவள் ஒவ்வொரு பந்துக்கும் வாசலைப் பார்க்கிறாள். வீடியோவில் தெரிகிறது. அந்த இரண்டு பந்து தவறியது அப்படித்தான்.

இந்தச் சனிக்கிழமையும் மேட்ச் இருப்பதாகச் சொன்னாள். கடிதம் அதற்குள் வந்து சேராது, அதனால் அதற்கடுத்த ஆட்டத்துக்கு. சட்டத்தின் பின்னால் இருக்கும் ஆணியைக் கழற்று. பனியனை நீயே எடுத்துக் கொடு, பூஜாவைச் செய்யச் சொல்லாதே. இளமதிக்கு அது முழங்கால் வரை வரும். பிடித்துத் தைக்க வேண்டாம். என் சட்டை குட்டை, அவளுடையது நீளம், அப்படியே இருக்கட்டும். நீ உள்ளே போ. கடைசி வரிசை போதும். கை தட்ட வேண்டாம், கத்த வேண்டாம். அவள் திரும்பிப் பார்க்கும்போது கண்ணில் படுகிற இடமாக உட்கார். அவ்வளவுதான்.

மூவரும் ஆயுசோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. ஊசி விஷயத்தை மறக்காமல் அவளிடம் பேசு. சாயந்திரத்தில் இங்கே கொஞ்சம் குளிர்கிறது. மணிக்கட்டு வரை துணி எட்டவில்லை. கழற்றவில்லை.

பேரன் சட்டையில் இருக்கும்,
உன் நைனா
வரதன்.