பொட்டு வைத்த பேக்கப் மெஷின்

அன்புள்ள அப்பாவுக்கு, புனேயிலிருந்து முத்தமிழ். முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

ஆபீசில் சின்னதாக ஒரு சிக்கல். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். அது கெட்டால் கைகொடுக்க, தினமும் பிரதி எடுக்கும் பேக்கப் மெஷின் தனியாக உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஆயுதபூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். டிராக்டருக்குப் பூஜை போடும்போது நீங்கள் சொல்வீர்களே, "பூச போட்ட சாமான அன்னிக்குத் தொடக்கூடாதும்மா" என்று. அந்த நினைப்பில் மெஷினை நிறுத்தினேன். மறுநாள் விடுமுறை. அப்புறம் அதைப் போடவே மறந்துவிட்டேன், ஒரு மாதம் ஓடிவிட்டது.

இன்று காலை சர்வரின் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று மேனேஜர் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூஜைக்குப் பிறகு வந்தவர்கள் யாருடைய விவரமும் அதில் இல்லை. புற்றுநோய் மருந்து ஏற்ற வந்த ஒரு பெண் வெளியே உட்கார்ந்திருக்கிறார். போன முறை எவ்வளவு ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். மேனேஜர் கூப்பிடுகிறார், நானே சொல்லிவிடப் போகிறேன்.

பூஜையன்று நான் அனுப்பிய அந்த மெஷின் படத்தை நம் விக்கிரமங்கலம் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டுகிறீர்களாமே. இனிக் காட்ட வேண்டாம். ஆனால் அழித்துவிடாதீர்கள் அப்பா. அழிந்தால் திரும்ப எடுத்துத் தர என்னால் முடியாது.

உங்கள் மகள்
முத்தமிழ்