நடுவில் நான் இல்லாத நாள்

எதற்கெடுத்தாலும் வாதாடும் எங்கள் அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மூன்று மாதமாயிற்று, வீக்கமும் எப்போதோ வடிந்துவிட்டது, ஆனால் அந்தச் சாக்கில் பேச்சைக் குறைத்துக்கொண்டார், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. தம்பி கார் ஓட்டப் பழகுகிறான், எதிர்வீட்டுச் சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, என்னவோ சுவர்தான் நகர்ந்து வந்ததுபோலப் பேசுகிறான். போன வாரம் நீ போனில் அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. உன் ஆபீஸில் உனக்கு மேலே இருக்கிற அந்தப் பெரியவர் வரைந்த கட்டட வரைபடத்தில் படிக்கட்டு அளவு தப்பாக இருந்ததும், வீடு கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே நீ, இதுகூடப் பார்க்காமல் எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டதும், அன்றிலிருந்து அவர் உன்னோடு பேசாமல் எல்லாவற்றையும் மேனேஜர் வழியாகவே சொல்லி அனுப்புவதும், நீ வேலையை விட்டுவிடலாம் என்று நினைப்பதும் எல்லாம் கேட்டுக்கொண்டேன். நான் சொன்னது சரிதானே, நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியில் மடக்குவாய், அதனால்தான் கடிதம்.

உன்னிடம் மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது சொல்கிறேன், பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி ஆவி மிஷினில் வைத்து எடுக்கும் அறையில் நாங்கள் மூன்று பேர் என்பது உனக்குத் தெரியும். மூத்தக்கா, நான், அப்புறம் போன வருஷம் சேர்ந்த பெண். ஒல்லியாக இருப்பாள், பேச்சும் சுருக்கென்று இருக்கும், ஊசி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் மூத்தக்கா அடுக்கிய தட்டில் ஒரு கத்தரிக்கோல் குறைந்தது. ஊசி அதை மூத்தக்காவிடம் காட்டாமல், தட்டை வாங்க வந்த பெரிய நர்ஸ் முன்னால் தூக்கிக் காட்டி, இவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல, நீங்களே பாருங்க என்று சொல்லிவிட்டாள். கத்தரிக்கோல் குறைந்தது உண்மைதான், அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூத்தக்காவின் முகம் அன்றைக்குச் செத்துப்போனது. அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. அவகிட்டச் சொல்லு என்று இவர் என்னிடம் சொல்வார், அவங்ககிட்டச் சொல்லுங்கக்கா என்று அவள் என்னிடம் சொல்வாள், ஒரே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு. நானும் காரமாக வருவதை இனிப்பாக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுதான் உதவி என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பல் பிடுங்க நான் லீவு போட்ட நாளில் காலையிலேயே மூத்தக்கா ஒன்றைக் கவனித்திருக்கிறார். மிஷினுக்குள் ஆவி இருக்கும்போதே மீட்டர் முள் கீழே இறங்கி நின்றுவிடுகிறது. மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஊசியிடம் சொல்ல வாயெடுத்தாராம், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம். சரி, மெக்கானிக்தான் வந்துவிடுவாரே என்று இவரும் விட்டுவிட்டார். மூத்தக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போன நேரத்தில் ஊசி முள்ளைப் பார்த்து, ஆவி போய்விட்டதென்று கதவைத் திறந்திருக்கிறாள். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது.

மீட்டர் பழுது என்று எழுதி விசாரணையை முடிக்கப் பார்த்தார்கள், மூத்தக்கா சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவரே போய்ப் பெரிய நர்ஸிடம், எனக்கு முன்னாடியே தெரியும், கோபத்துல சொல்லாம விட்டேன் என்று சொல்லிவிட்டார். கண்டித்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் வார்டுக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "உன்மேல கோபம் இருந்துச்சு. ஆனா உன் கை இப்படி ஆகணும்னு நான் நெனச்சதே இல்ல" என்றார். ஊசி கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்புறம், "அன்னைக்கு அந்தத் தட்ட உங்ககிட்டத் தனியாக் காட்டியிருக்கலாம்க்கா. எனக்கு நல்ல பேரு வாங்கணும்னு இருந்துச்சு" என்றாள். இரண்டு பேரும் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

கை ஆறிவிட்டது, ஆனால் இரண்டு விரல் முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னக் கருவிகளைப் பிடிக்க முடியாததால் அவளைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மூத்தக்கா மத்தியானம் அங்கே போய் அவளோடு சாப்பிட்டுவிட்டு வருகிறார். சில நாள் பேசிக்கொள்கிறார்கள், சில நாள் பேசாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எங்கள் அறைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள்.

உன் ஆபீஸில் ஆவி மிஷின் இல்லை, தெரியும். ஆனால் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் எந்த விஷயம் விழுந்து காணாமல் போகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, நீங்கள் வரைகிற படியில் நாளைக்குப் பிள்ளைகள் ஏறி இறங்கப் போகிறார்கள். நீ சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்லை. தப்பைப் பார்த்தால் வாயை மூடிக்கொள் என்று நான் சொல்லமாட்டேன், ஊசியும் அந்தத் தட்டைக் காட்டத்தான் வேண்டியிருந்தது. உரியவரிடம் முதலில் காட்டு, முடிந்தால் தனியாக. இப்போதைக்கு அந்தப் பெரியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், எல்லார் முன்னாடியும் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று மட்டும் சொல். அதற்குப் பின்னால் 'ஆனா' என்று ஒன்றைச் சேர்க்காதே, உன்னை எனக்குத் தெரியும். அவர் முகம் கொடுக்காமல் போனாலும் போகட்டும், திரும்பி வந்து உன் வேலையைப் பார், மறுநாள் காலையில் வணக்கம் சொல்வதை மட்டும் விட்டுவிடாதே. அதற்கப்புறமும் உனக்கு அங்கே இருக்க மனம் இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வா, நான் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி இருக்கிறவர்களும் உன்னால் நன்றாக இருக்க வேண்டும், அம்மா அப்பா இருவரின் ஆசியும் அதுதான். ஒன்று மறக்காதே, பகலில் என் போன் எங்கள் அறைக்கு வெளியே பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அவரிடம் பேசிய அன்றைக்கு, நல்லபடியாகப் போனாலும் போகாவிட்டாலும், ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்து எங்கள் அறையைக் கேள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா